துண்டுக்குள் பேசிய விலை

“‘கோட்டை வாசலில் காற்று நின்றது. காற்று நின்றால் காவலன் வருகிறான் என்று அர்த்தம்.’”

மகள் பக்கத்தைப் புரட்டினாள். அட்டை வந்தது. கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். பழைய புத்தகக் கடையில் அடித்துப் பேசிப் பாதி விலைக்கு வாங்கியது. கடைக்காரன் ஏன் அவ்வளவு சுலபமாக இறங்கி வந்தான் என்று இப்போதுதான் புரிந்தது.

“ம், வந்தானா?” என்றார் கட்டிலில் கிடந்த அப்பா.

அவர் சந்தைத் தரகர். கடவுளிடம்கூட மாதிரி காட்டச் சொல்கிற ஆள். மகள் சின்ன வயதில் மாயக்கதை படித்தால், “பறக்குற குதிரைக்கு லாடம் எதுக்கு?” என்று கிண்டலடித்தவர். படுக்கையில் விழுந்த பிறகு அவரே கேட்டு ஆரம்பித்த கதை இது. ஒரு படகுக்காரி மறுகரைக்குப் போகவேண்டும். வாசலில் முகமில்லாத காவலன். ஒவ்வொருவரிடமும் ஒரு விலை கேட்பான். பேரம் படியாதவர்கள் மூடுபனியில் உருவமில்லாமல் அலையவேண்டியதுதான்.

“மறுகரைன்னு ஒண்ணு இருக்கோ என்னவோ. ஆனா அவ துடுப்பு போடுறதப் பாத்தா இருக்கும்னுதான் தோணுது” என்று நேற்று சொல்லியிருந்தார்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். காலையில் டாக்டர் கையை விரித்ததிலிருந்து ஃபோனும் கையுமாக நின்றிருந்தான்.

“இன்னுமா அந்தப் பேய்க்கதை? நாலு நல்ல வார்த்த சொல்லேன். பயந்துட்டே போகப்போறாரு.”

“நீ போடா. கடை பாக்குறவன் கடையப் பாரு” என்றார் அப்பா. அந்த அதட்டலுக்கே மூச்சு வாங்கியது. பிறகு மகளிடம், “என்ன கேட்டான் அவன்?”

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. சீட்டில் இல்லாமல் ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுத்தறியாதவள். கிழிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.

“‘காவலன் அவளைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தான்.’”

“சும்மாவா?” அப்பாவின் கண் திறந்தது. “சும்மா விட்டான்னா சரக்குல ஏதோ கோளாறு. உள்ள வச்சு அமுக்கப் போறான். நல்லாப் படி.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல மெல்ல இளைத்து நின்றது. ஜன்னல் திரை அசையவில்லை. தெருவில்கூடச் சத்தம் அடங்கிவிட்டதுபோல் இருந்தது.

“காத்து நின்னுபோச்சு, பாத்தியா” என்றார். குரலில் கிண்டல் இல்லை. கை போர்வையைத் துழாவியது.

புத்தகத்தை மூடினாள்.

“‘காவலன் வாயே திறக்கல. மேலங்கியத் தூக்கி, கைய நீட்டுனான்...’”

“புஸ்தகத்த மூடிட்ட.”

“ஆமாப்பா. மீதி இல்ல. கிழிஞ்சிருக்கு.”

அவர் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை.

“அதனால என்ன? எழுதுனவனும் எங்கயோ பாத்துட்டா எழுதுனான்? நீ சொல்லு.”

“அங்கிக்கு அடியில விலை பேசலாம்னு கைய நீட்டுனான்ப்பா. உங்க சந்தை மாதிரி.”

அவர்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து, விரலை அழுத்தித்தான் பேரம். உள்ளே நடந்தது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். வெளியே சொன்னவனோடு பிறகு யாரும் துண்டுக்குள் கை விடமாட்டார்கள்.

“அப்போ தொழில் தெரிஞ்சவன்தான்” என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது. “துண்ட எடு.”

தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்தி, அடியில் கையை விட்டாள். விரல்கள் சில்லென்றிருந்தன. அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்தார், விட்டார். நடு இரண்டு விரல்களை அழுத்தினார். யோசிப்பதுபோல் நிறுத்தினார். அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் காவலன் அவ்வளவு சீக்கிரம் படியமாட்டான் என்று தோன்றியது. தலையை ஆட்டி மறுத்தாள். அப்பாவின் உதட்டோரம் ஏதோ நெளிந்தது. மறுபடி பிடித்தார், இந்த முறை கையை முழுதாக, இறுக்கி.

பிறகு அந்தப் பிடி தளரவும் இல்லை, மாறவும் இல்லை.

கரண்ட் வந்து மின்விசிறி சுழன்றபோதும் அவள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்த அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடை வைக்கும்முன் அப்பாவோடு சந்தைக்குப் போனவன்; அந்த விரல் பாஷை அவனுக்கு அத்துப்படி.

“எந்த விரலப் பிடிச்சாரு?” என்றான் கடைசியில். “சொல்லும்மா. என்ன கேட்டாருன்னு நான் சொல்றேன்.”

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். துண்டை உதறாமல் நான்காக மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.