தூங்க மறுத்த நான்கு ஹாட் டிஸ்க்குகள்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: ஆதம்பாவா ஹாஜியார், அவர் மனைவி சபியா உம்மா, மகள் ஸம்றா, பாண்டிருப்பிலிருந்து வந்த கம்பியூட்டர் திருத்துகிற நிரோசன். ஐந்தாவது ஆள் இல்லை.

அது ஸம்றாவுக்கென்று கட்டிய சீதன வீடு, இன்னும் குடிபுகவில்லை. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள். ஸம்றா தொகுக்கும் கல்யாண வீடியோக்களெல்லாம் மாடி அறையில் உள்ள சேர்வரில், நான்கு ஹாட் டிஸ்க்குகளில் இருந்தன. வேலை இல்லாத நேரம் அவை சுழலாமல் அடங்கிக் கிடக்க வேண்டும். கிடந்தால்தானே. ஒரு வாரமாக, ஆளில்லாத வீட்டில் திடீரென்று கிர்ரென்று எழும்பும், அடங்கும், திரும்பவும் எழும்பும். ஜின் குடியிருக்கிறதாம் என்று பக்கத்து வளவில் பேச்சு கிளம்பிவிட்டது.

இன்றைக்கு மட்டும் அணைத்து வைப்போம் என்றாள் ஸம்றா. ஹாஜியார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். குறையை மறைத்துக் கட்டிக்கொடுத்தான் என்று அவர் குடும்பத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை.

நிரோசன் காலையிலிருந்து வயர்களை மாற்றினான், வேலை நின்றதும் சீக்கிரம் அடங்கும்படி நேரத்தைக் குறைத்தான். டிஸ்க்குகள் அடங்கின. ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி ஒரு படி இறங்கினார். கிர்ர்.

"தம்பி, நீ இதைத் திருத்துறியா, இதோட விளையாடுறியா?"

"இந்த வீட்டுக்குள்ள இருந்துதான் ஹாஜியார் ஆரோ ஃபைல் எடுக்கிறாங்க. ஒருக்கா ஒரு மணித்தியாலம் அடங்கிக் கிடக்கு, ஒருக்கா பத்து நிமிஷம்தான். கணக்கே இல்ல."

ஸம்றா திரையை எட்டிப் பார்த்தாள். கடைசியாக எடுக்கப்பட்டது ஒரு குர்ஆன் சூறாவின் ஒலிப்பதிவு. அதற்கு முன்னதும் சூறாதான்.

எல்லோரும் சபியா உம்மாவைப் பார்த்தார்கள். குடிபுகாத வீட்டில் ஜின் அண்டக்கூடாதென்று, போன வாரம் அவர் குசினி அலுமாரிக்குள் பழைய போனொன்றை வைத்து, மகள் சேர்வரில் போட்டுவைத்திருந்த ஓதலை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டிருந்தார். சில சூறா நீளம், சில குட்டை; ஒன்று முடிந்து அடுத்ததை எடுக்கும்போதெல்லாம் நான்கு டிஸ்க்கும் எழும்பியிருக்கின்றன.

"ஒரு வாரமா நான் தலையப் பிச்சிக்கிட்டு நிக்கிறன். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றார் ஹாஜியார்.

"என்னட்ட ஆரு கேட்ட?" என்றார் சபியா உம்மா.

நிரோசன் ஓதல் முழுவதையும் போனுக்குள்ளேயே பதிந்து கொடுத்தான். ஓதல் நிற்கவில்லை, டிஸ்க்குகள் அடங்கின. மாப்பிள்ளை வீட்டார் வந்து, மாடி அறையிலும் நின்று பார்த்து, நிக்காஹ்வுக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

ஹாஜியார் பாண்டிருப்பிலிருந்து மந்திரவாதியைக் கூட்டிவந்து ஜின்னை விரட்டினார் என்று சந்தையில் சிலர் கதைக்கிறார்கள். பொய். வந்தவர் கம்பியூட்டர் திருத்துகிறவர். விரட்டுவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை.