வருந்துகிறோம், மன்னிப்புக் கேட்கவில்லை

1.
இந்தக் கதை உன்னதமான தருணம் எதிலும் பிறக்கவில்லை. ஒரு கம்பெனிக் கடிதத்தின் அடியில் இருந்த புள்ளிக்கோட்டில் பிறந்தது. ஏமாந்திருந்தால் வருந்துகிறேன். (கவனிக்க: மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதைப் பரப்பிய புண்ணியவான்களில் நானும் ஒருவன்.)

அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் செய்திமடலில் மாதாமாதம் ஆங்கிலச் சொற்களின் வித்தியாசம் பற்றி ஒரு பத்தி எழுதிவருகிறேன். ஆக்சிடென்ட் வேறு, இன்சிடென்ட் வேறு; ரிக்ரெட் வேறு, அப்பாலஜி வேறு. வெள்ளைக்காரனே வந்து என்னிடம் சந்தேகம் தீர்த்துக்கொண்டு போனது போன்ற தோரணை.*

* பத்தியோடு வரும் புகைப்படத்தில் கன்னத்தில் கை வைத்திருப்பேன். சிந்திப்பதாக அர்த்தம்.

2.
முதல் தொடக்கம்: "அன்று வானம் ஈயத்தகடு போல—"

வேண்டாம். அன்று வானத்தை யாரும் பார்க்கவில்லை. தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, அதே தொழிற்சாலையின் வெட்டு இயந்திரத்தில் வலதுகை விரல்கள் இரண்டை இழந்திருந்தார்.

இரண்டாம் தொடக்கம்: "கவனக்குறைவான ஒரு தொழிலாளி—"

இது கம்பெனி பரப்பிய கதை. வேலை இழுக்கிறதென்று பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னவர் மேனேஜர். ஆனால் 'அசட்டையான ஆள்' என்ற பெயர் மாப்பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது. அது போகாதவரை எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்காது.

3.
மேனேஜரை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்தேன், ஒட்டவில்லை. சாதுவான மனிதர். என் பத்திகளைக் கத்தரித்து ஃபைல் போட்டு வைத்திருப்பவர். (எனக்கிருந்த ஒரே வாசகர். எப்படி வெறுப்பது?)

4.
தங்கை வந்தாள். நான் கசக்கிப் போட்டிருந்த உன்னதங்களை ஒதுக்கி, கம்பெனியின் ஆங்கிலக் கடிதத்தை மேசையில் வைத்தாள். நாளைக்குள் மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டால் விவகாரம் முடிந்தது. அடியில் 'படித்துப் பொருள் விளக்கப்பட்டது' என்று ஒரு வரி. பக்கத்தில் விளக்கியவர் கையெழுத்திடப் புள்ளிக்கோடு.

"தப்பு அவங்க மேலதான்னு ஒத்துக்கிட்டாங்களாண்ணே? அத மட்டும் சொல்லு."

படித்தேன். 'நிகழ்ந்த இன்சிடென்டுக்கு ரிக்ரெட்.' அப்பாலஜி, மருந்துக்கும் இல்லை. எங்கேயோ படித்த நடையாக இருக்கிறதே என்று யோசித்தேன். நான் எழுதியதுதான்: 'பழியை ஏற்காமல் பரிவு மட்டும் காட்ட ரிக்ரெட்டே உத்தமம்.' போன வாரம் மேனேஜர் என் கையைக் குலுக்கி, அந்தப் பத்தி சமயத்துக்கு உதவியது என்றார். எந்தச் சமயத்துக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பூரிப்பில் இருந்தேன்.

"வருத்தம்னு போட்டிருக்காங்கம்மா."

"வருத்தம் எனக்குந்தான் இருக்கு. நானா அவரு விரல வெட்டுனேன்?"

இத்தனை வருடப் பத்திகளில் இந்த வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

அவள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்படிப் பிடிகொடுக்காம எழுத அந்த மேனேஜருக்கு வராதே. எந்தப் படிச்ச மகராசன் சொல்லிக் குடுத்தானோ."

5.
முடிவுகள்:

அ) நான்தான் என்கிறேன். அழுகிறாள், பிறகு மன்னிக்கிறாள். (பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். என் தங்கையைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

ஆ) தெரியலையேம்மா என்கிறேன். கையெழுத்திடுகிறேன். அடுத்த மாதப் பத்தி: கில்ட், ஷேம்.

இ) பேனாவை எடுத்து, அந்த ரிக்ரெட்டை அடித்துவிட்டு, மேனேஜரிடம் நானே போய்—

மூன்றாவது வாக்கியம் முடியமாட்டேன் என்கிறது. முடிக்க வேண்டுமென்றால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.

தங்கை இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் கடிதத்துக்குக் குறிப்பெடுப்பதாக நினைக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இது மன்னிப்பா, வருத்தமா? வித்தியாசம்தான் உங்களுக்கும் இப்போது தெரியுமே. பேனாவைப் பிடியுங்கள்.

விளக்கியவர் கையொப்பம்: ..............................