ஆறு வருஷத்து ரிப்போர்ட்

டாக்டரம்மா இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒன்றைத் தொட்டார். பிறகு மற்றதைத் தொட்டார்.

"இது நாங்க எடுத்தது. ஓ பாசிட்டிவ். இது நீங்க கொண்டுவந்த ஃபைல்ல இருக்கிறது. பி பாசிட்டிவ். சர்க்கரை மாறும், பிரஷர் மாறும். ரத்த வகை மாறாதும்மா."

அவள் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. என்ன காரணம் என்று எழுதுவதற்காகப் பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று பெருமையாகவே எடுத்து நீட்டியிருந்தாள்.

"ஏழெட்டு வருஷமாவது சர்க்கரை இருந்திருக்கும். கிட்னி பாதிக்கு மேல போயிருக்கு. நரம்பு செத்துப்போனதால நெஞ்சு வலிகூட வலியாத் தெரிஞ்சிருக்காது. வாயுன்னு நினைச்சிருப்பாரு."

"வாயுன்னுதான் சொன்னாரு."

"அப்ப இந்த ஃபைல் யாரோடது?"

அவரோடதுதான் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். பெயர் அவருடையது. தொழிற்சாலை முத்திரையும் சரி. ஆறு வருடத்துக்கு ஆறு ரிப்போர்ட், ஒவ்வொன்றையும் அவளேதான் துளையிட்டுக் கோத்து வைத்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ரத்த வகையை மட்டும் ஒருநாளும் படித்ததில்லை. 'நார்மல்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அதோடு மூடி வைத்துவிடுவாள்.

தொழிற்சாலையில் அவர் கிரேன் ஓட்டினார். மூன்று மாடி உயரத்தில் ஒரு கூண்டு, கீழே நெருப்பாய் வரும் இரும்பு. ஆபத்தான வேலை செய்கிற எல்லோருக்கும் வருடத்துக்கொரு தடவை கட்டாயப் பரிசோதனை. சர்க்கரையோ பிரஷரோ கூடுதல் என்று வந்தால் கிரேன்காரரைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவர்தான் வருடா வருடம் முதல் ஆளாய்த் தேறி வந்தாரே.

கண்ணால் பார்த்ததைவிடக் காகிதத்தை நம்பினாளே, அதை நினைத்தால்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படுக்கையருகே ஒரு குடம் தண்ணீர் போதவில்லை. கால்விரல் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீட்டுக்குள் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார். டாக்டரிடம் போகலாம் என்று நச்சரித்தாள். அவர் இந்த ஃபைலை எடுத்து மடியில் போட்டார்.

"உன் கண்ணுக்குத்தான்டி நான் நோயாளி. மெஷினே நார்மல்னு சொல்லுது, நீ என்ன மெஷினவிடப் பெரியவளா?"

அன்றைக்கு அவள்தான் மன்னிப்புக் கேட்டாள். சமாதானத்துக்கு டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தாள். அந்த ஸ்பூனை இப்போது யார் முகத்தில் எறிவது?

மத்தியானம் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஷிப்ட் முடித்த தொழிற்சாலை ஆட்கள் நீலச் சட்டையோடு வரிசையாக வந்தார்கள். முதலில் வெல்டர் வந்து கைகூப்பி நின்றார்.

"அண்ணி, மனசத் தேத்திக்கங்க."

"உங்களுக்கு என்ன ரத்தம்?"

"என்ன அண்ணி?"

"ரத்தம், என்ன குரூப்?"

"ஓ பாசிட்டிவ்" என்றார் வெல்டர், ஏதோ தப்புச் செய்துவிட்ட குரலில். அடுத்து வந்த எலக்ட்ரீஷியனையும் கேட்டாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரையும் கேட்டாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, யாராவது உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வையுங்கள் என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். அவள் அசையவில்லை. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அவளுடைய தம்பி மட்டும், மூன்றாவது ஆளை அவள் கேட்டபோது நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாக நழுவினான்.

அவனும் அதே தொழிற்சாலைதான், பெயின்ட் பிரிவு. அங்கே எல்லோரும் அவனை 'நார்மல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அலட்டிக்கொள்ளாத சுபாவம் என்பதால் அப்படி ஒரு பட்டப்பெயர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் நிற்கும் சந்தில் அவனைப் பிடித்தாள்.

"நீ பி பாசிட்டிவ்தானே?"

அவன் மெஷினின் குழாயை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"மாமா கேட்டாருக்கா. ஒரே ஒரு தடவைன்னுதான் கேட்டாரு. முதல் நாள் ஒரு கல்யாணத்துல சாப்பிட்டுட்டேன், கூடக் காட்டும்னாரு."

"அப்புறம் அஞ்சு வருஷமும் கல்யாணமா?"

"கீழ இறக்கிடுவாங்கன்னு பயம்கா. ஸ்டோர்ல உக்கார வெச்சு போல்ட் எண்ணச் சொல்வாங்க. வர்றவன் போறவன்லாம் சிரிப்பான்."

"இப்ப இறங்கிட்டாரு. போய்ப் பாரு, யாராவது சிரிக்கிறாங்களான்னு."

அவன் அழ ஆரம்பித்தான். அழுதால் விட்டுவிடுவாள் என்பது சின்ன வயதுப் பழக்கம். அவள் விடவில்லை.

"எப்படிடா ஏமாத்தினீங்க?"

"மூணு மேசை போட்டிருப்பாங்க. டோக்கன் நம்பரத்தான் பாப்பாங்க, மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. ஒருதடவை தொப்பி போட்டுக்குவேன். ஒருதடவை கண்ணாடி."

"ஒருதடவை, ஒருதடவைன்னா? மொத்தம் எத்தனை பேருக்கு?"

"மாமாவோட சேத்து ஆறு பேர்."

ஓங்கி அறைந்தாள். கன்னத்துக்கு விட்ட அடி காதில் விழுந்தது. கெட்டவனாக இருந்தால் வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருக்கலாம். கேட்டவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்லத் தெரியாத பயல். பாசத்தில் கொன்றுவிட்டான்.

"சொல்லு, யார் யாரு?"

சொன்னான். வெல்டர், எலக்ட்ரீஷியன், ஃபோர்க்லிஃப்ட்காரர், மாமாவின் கூட்டாளியான இன்னொரு கிரேன்காரர். நாலு பெயரோடு நிறுத்திக்கொண்டான். அவள் ஜன்னல் வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். கொழுந்தனார் அண்ணன் தலைமாட்டில் நின்று பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அது நாலாவது பாட்டில். நாற்பத்து நாலு வயது. அவரும் கிரேன்தான்.

"சின்னவருமா?"

தம்பி தலையை ஆட்டினான்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு நெருங்கின ஆட்களே முன்வந்தார்கள். பார்த்தால், அதே ஐந்து பேர். அவள் கூடத்துக்கு வந்து குறுக்கே நின்றாள்.

"யாரும் தொடாதீங்க. தெருமுனையில லேப் இருக்கு. அஞ்சு பேரும் போய் ரத்தம் குடுத்துட்டு வாங்க. உங்க ரத்தம். அப்புறம் தூக்கலாம்."

ஐந்து பேரும் கதவோரம் நின்ற தொழிற்சாலை சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார்.

"அண்ணி, நேரமாகுது. அண்ணன அனுப்பிட்டு மத்ததெல்லாம் பேசிக்கலாம்" என்றார் கொழுந்தனார்.

"உங்க அண்ணனுக்கு இனிமே என்ன அவசரம்? அவரு இருப்பாரு."

"இதெல்லாம் இங்க வெச்சுப் பேசற விஷயமாம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "வேற எங்க வெச்சுப் பேசணும்? சர்க்கரைன்னு தெரிஞ்சா மருந்து குடுப்பீங்களா, கீழ இறக்குவீங்களா?"

"சர்க்கரையோட ஒருத்தன் கூண்டுல மயங்கி விழுந்தா, கீழ நிக்கிறவன் கதி என்னம்மா? அதுக்குத்தான் ரூல்ஸ்."

"சரி, இறக்குங்க. இறக்கினவனுக்கு என்ன குடுத்தீங்க? கேலிதானே? அதுக்குப் பயந்துதான் ஆறு பேரும் ஒருத்தன் ரத்தத்துல ஒளிஞ்சிருந்தாங்க. உங்க ஃபைல்ல எல்லாரும் நார்மல். இவரும் நார்மல். பாத்துக்கங்க."

கொழுந்தனார் மறுபடி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஓரகத்தி எழுந்தாள். அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக வந்து தன் கணவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி மூடிபோட்டாள்.

"செருப்பப் போடுங்க" என்றாள்.

மனைவி முன்னால் நடக்கக் கொழுந்தனார் பின்னால் போனார். மற்ற நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பின்தொடர்ந்தார்கள்.

வண்டிக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வருடத்தில் இந்த மனுஷனோடு போடாத சண்டை இல்லை. கடைசிச் சண்டையில் மட்டும் வாயடைத்துக் கிடக்கிறார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் போல்ட் எண்ணுகிறவர் பெண்டாட்டியாக இருந்துவிட்டுப் போயிருப்பேனே என்று நினைத்தாள். அழுகை வரவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஐந்து பேரும் திரும்பியபோது கூடவே லேப் பெண்ணும் வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு சீட்டு. கொழுந்தனாரைக் காட்டினாள்.

"இவரு வீட்டுக்காரங்க எல்லாரும் கேட்டுக்கங்க. விரல்ல குத்திப் பாத்ததுக்கே சர்க்கரை நானூத்திப் பதினெட்டு காட்டுது. நாளைக்கு, நாளன்னைக்குன்னு தள்ளாதீங்க, இன்னைக்கே டாக்டரப் பாக்கணும். மத்தவங்க ரிசல்ட் சாயந்திரம் வரும். ஒருத்தர் ஊசியப் பாத்ததும் மயங்கிட்டாரு, அவருக்குக் கொஞ்சம் ஜூஸ் குடுங்க."

ஃபோர்க்லிஃப்ட்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சீட்டை ஓரகத்தி வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன அனுப்பிட்டு நேரா ஆஸ்பத்திரிதான்" என்றார் கொழுந்தனார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

"நான் வாசல்லயே நிப்பேன்" என்றாள் ஓரகத்தி.

கணவன் பக்கத்திலிருந்து அவள் எழுந்து வழிவிட்டாள். ஐந்து பேரும் நீலச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார்கள். ஒவ்வொருவர் கைமடிப்பிலும் வெள்ளைப் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி. கொழுந்தனார் வலது கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, ஊசி குத்திய இடம் வலிக்க, இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

கால்மாட்டில் ஒரு பக்கம் ஆளில்லாமல் சரிந்தது. தம்பி கேட்டுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"வந்து பிடி" என்றாள்.

அவன் ஓடிவந்து பிடித்தான். தூக்கினார்கள். ஆறு கைகளில் அவன் கையில் மட்டும் பஞ்சு இல்லை.