அளவுக்கு மீறிய பிரியம்

வியாழக்கிழமை ஆபரேஷன். லிஃப்ட் மெக்கானிக் தன் பெண்டாட்டிக்கு ஒரு கிட்னி கொடுக்கப் போகிறான். அதைத் தடுத்தே தீருவது என்று அவனுடைய அண்ணன், ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு காலையிலேயே தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

மெக்கானிக்கின் பெண்டாட்டி உள்ளறையில் படுத்திருந்தாள். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது, உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடந்தது. காது மட்டும் கூர்மையாக இருந்தது. கதவு என்று பேருக்கு ஒரு திரைச்சீலை, அதுவும் அவளே தைத்தது.

பேராசிரியர் சுற்றி வளைத்தார். தம்பியின் வயசு, ஏறி இறங்குகிற வேலை, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகளின் கதி, எல்லாம் சொன்னார். தம்பி மசியவில்லை என்றதும் ஆங்கிலத்துக்குத் தாவினார்.

"உன்ன மாதிரி ஆளுக்குன்னே இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்குடா. அக்ஸோரியஸ்."

பாராட்டு என்று நினைத்தானோ என்னவோ, அந்த அப்பாவி சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசுகிற மனுஷன் யார்? ஆறு வருஷமாக இவரை நடமாட வைத்திருப்பதே இவர் பெண்டாட்டியின் கிட்னிதான். அன்றைக்கு யாரும் வந்து உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசவில்லை. அந்த அம்மாளின் வயசைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். பாடம் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பேராசிரியர் வந்த காரியத்தையே மறந்துவிட்டார். லத்தீனில் உக்ஸோர் என்றால் மனைவி, அதிலிருந்து பிறந்த சொல். மனைவி மேல் அளவுக்கு மீறிப் பிரியம் வைத்து, அவள் கிழித்த கோட்டைத் தாண்டாதவனைச் சொல்வது. நம் பேச்சில் பொண்டாட்டிதாசன்.

"அந்த அளவ யாரு மாமா வச்சது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா உங்களுக்குக் குடுத்தப்போ அவங்களுக்கு என்ன வார்த்தை சொன்னீங்க?"

"அது வேற விஷயம்மா. அவ என் மனைவி."

கூசாமல் சொன்னார். அவள் ஓரகத்தி பக்கம் திரும்பினாள். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள்.

"அக்கா, சம்மதமான்னு அன்னிக்கு உங்ககிட்ட கேட்டாங்களா?"

"டாக்டர் கேட்டாரு. வீட்டுல யாரும் கேக்கல." அவளை நிமிர்ந்து பார்த்து, "நீயும்தான் கேக்கல" என்றார் அந்த அம்மாள்.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சமயம் ஆஸ்பத்திரிக்குத் தினமும் ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோனது மாமாவுக்குத்தான். கீழ்த் தளத்து வார்டில் வயிற்றில் தையலோடு கிடந்த ஓரகத்தியை ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கிறாள், அதுவும் வாசலில் நின்றபடி. அதுவரை பேராசிரியர் மேல் இருந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது.

பேராசிரியர் எழுந்து, கிளம்பலாம் என்று மனைவியை அதட்டினார். அந்த அம்மாள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நீங்க போங்க. வாங்கிக்கிறவங்களப் பாக்க எல்லாரும் வருவாங்க. வியாழக்கிழமை தம்பி கண்ணு முழிக்கிறப்போ பக்கத்துல நான் இருக்கணும்."