ஆங்கஸின் சாமான் பட்டியல்

ஆங்கஸ் எந்தக் கீபோர்டில் தட்டுகிறான் என்று உலகத்தில் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் அவனுடைய இணையதளத்தில் அதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. கீபோர்டு, இரண்டு திரைகள், நாற்காலி, நிரல் எழுதும் மென்பொருள், அதன் பின்னணி நிறம், கேமரா, ஏழு லென்ஸ், லென்ஸ் துடைக்கும் துணி. துணிக்கு மட்டும் நான்கு வரி. அந்த ஏழு லென்ஸால் அவன் எடுத்த படங்களில் பாதி, மற்ற ஆறு லென்ஸ்களின் படங்கள்.

ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டிய மாடியில், ரோசலின் நடத்தும் சின்ன டிசைன் நிறுவனத்தில், அவனுக்கு எதிர் மேசை ரோரிக்கு. ரோரியிடம் பழைய கேமரா ஒன்று, லென்ஸ் ஒன்று, படங்களைச் சேமிக்கும் டிரைவ் ஒன்று. அதை அவன் பெருமையாகவே சொல்லிக்கொள்வான்.

“எல்லாத்தையும் ஒரே டிரைவ்லயா வச்சிருக்க? பயமா இல்லையாடா?” என்று கேட்டான் ஆங்கஸ்.

“நீதான் மூணு வச்சிருக்கியே. உள்ள என்ன இருக்கு, துணியோட போட்டோவா?”

ரோசலின் சிரித்தாள். “பாவம், விடுடா அவனை.”

விடவில்லை. ஆங்கஸ் வாங்கி வைத்த கறுப்புப் பெட்டி, அலுவலகக் கணினியில் யார் எந்த டிரைவைச் செருகினாலும் தானே நகல் எடுத்துக்கொள்ளும். ரோரி அதற்குச் சவப்பெட்டி என்று பெயர் வைத்தான்.

ஹுவான் ஆற்றில் ஒரு காலத்தில் ஆப்பிள் ஏற்றிய மரத் துறைமேடையை ரோரி இரண்டு வருடமாகப் படம் எடுத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் அதை இடித்தார்கள். அதையும் எடுத்தான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவனுடைய முதல் கண்காட்சி. கடைசிச் சுவர் முழுவதும் இடித்த காலையின் படங்களுக்கு.

திங்கட்கிழமை டிரைவ் டக் டக் என்றது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. கேமரா கார்டில் சனிக்கிழமைதான் ஒரு கல்யாணத்தை எடுத்திருந்தான், பழையதை அழித்துவிட்டு.

ஆங்கஸ் எட்டிப் பார்த்தான். “இரு. பெட்டியில இருக்கும்.”

இருந்தது. இரண்டு வருடமும் திரையில் வரிசையாக வந்து நின்றது. இவனிடம் போய் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ரோரிக்கு எரிச்சலாக இருந்தது.

“இடிச்ச அன்னைக்கு எடுத்தது எங்கடா?”

ஆங்கஸ் பெட்டியின் பதிவைத் திறந்தான். “செவ்வாய் எப்ப காப்பி பண்ண?”

“காலையில. ஒம்பது, ஒம்பதரை இருக்கும். அப்புறம் டிரைவைப் பையில போட்டுட்டேன். இன்னைக்குத்தான் செருகுறேன்.”

“ஒம்பது மணியிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் பெட்டி ஓடவே இல்லையே. கரண்ட் கட்டாயிருக்கும் போல.”

அன்று கரண்ட் போகவில்லை. ஆற்றங்கரைக் குளிரில் விரல் விறைத்து வந்த ரோரி, சவப்பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரைச் செருகியிருந்தான். ஆங்கஸ் அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்தான்; அதற்குள் ரோரி வயரைத் திரும்ப மாட்டிவிட்டான்.

“ஆமா,” என்றான் ரோரி. “கட்டாயிருக்கும்.”

“என் தப்புதான்டா. பேட்டரி வாங்கணும்னு போன மாசமே ரெண்டு மாடல் பாத்து வச்சேன். ஒண்ணுல விசிறிச் சத்தம் வரும், இன்னொண்ணுல…”

முகத்தில் உண்மையாகவே வருத்தம். மடையன், என்று ரோரி நினைத்துக்கொண்டான். வேறெதையும் நினைக்கப் பிடிக்கவில்லை.

அவன் காட்சிக்கூடத்துக்குப் போன் போட்டான்.

“கடைசிச் சுவர் எனக்கு வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

“என்னப்பா ஆச்சு?”

“படம் இல்ல.”

எதிரே ஆங்கஸ் இரண்டாவது மாடலின் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.