நாலாவது வருஷப் பாடம்

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில். கூட வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஓட்டுவார்கள். அப்பாவுக்கு ஒரு காலை எடுத்த பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியோடு அவரை அவர்கள்தான் மேலே தூக்கி வந்தார்கள். அன்றோடு அந்தக் கேலி நின்றுபோனது.

எட்டு மாதமாக அப்பா தெருவைப் பார்ப்பது ஜன்னல் வழியாகத்தான். வாய் மட்டும் அடங்கவில்லை. பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மனைவியை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

“பல்லு பிடுங்கறது எப்பம்மா சொல்லித் தருவாங்க?”

“நாலாவது வருஷம், மாமா.”

“அப்ப அதுவரைக்கும் இது இருக்கட்டும். வேற எவன்கிட்டயும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

அந்த நேரத்தில்தான் தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வந்தது. இரண்டே அறை, சுவரெல்லாம் ஓதம். ஆனால் வாசலில் படி கிடையாது. டேப்பை எடுத்துக் கதவை அளந்தேன். சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். அன்றே மனதுக்குள் குடியேறிவிட்டேன்.

வங்கியில் கடன் அதிகாரி எங்கள் தாள்களைப் புரட்டினார். மனைவியின் கல்விக் கடனில் ஒரு பகுதி சாப்பாட்டுக்கும் வாடகைக்குமாக எங்கள் கணக்கில் வந்து விழும். அதையும் வருமானம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

“இது கடன் சார், வருமானம் இல்ல. உங்க ஒரு சம்பளம் இந்த வீட்டைத் தாங்காது. மேடம் நிரந்தர வேலையில இருந்தா பார்க்கலாம்.”

வீட்டுக்கு வந்ததும், அவள் படிப்பை விட்டு வேலைக்குப் போவதைப் பற்றி நானே பேச்சை எடுத்தேன்.

“சீட்டை விட்டா திரும்பக் கிடைக்காதுங்க.”

“அப்பா இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருப்பாரு?”

பேசத் தெரியாதவன் என்று பெயரெடுத்தவன், அன்றைக்குப் பார்த்து நன்றாகப் பேசித் தொலைத்தேன். அடுத்த வாரம் அவள் கல்லூரியில் சீட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் போனாள். அப்பாவிடம் கல்லூரிக்கு நீண்ட லீவு என்று சொன்னோம்.

மூன்று மாதச் சம்பளச் சீட்டோடு மறுபடி வங்கிக்குப் போனோம். அதிகாரி கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“படிப்பை நிறுத்திட்டீங்களா? அப்ப கல்விக் கடன் தவணை ஆரம்பிச்சிடுச்சே. அதைக் கழிச்சா மேடம் சம்பளத்துல ஒண்ணும் மிஞ்சல சார்.”

படிப்பு நின்றால் தவணை தொடங்கும் என்று கல்விக் கடன் ஒப்பந்தத்திலேயே இருந்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று அவள் பரீட்சை மும்முரத்தில், “நீங்க முழுசாப் படிச்சிட்டீங்கல்ல?” என்று கேட்டாள். தலையாட்டினேன். எத்தனை பேர் ஏறலாம் என்று லிஃப்டில் ஒட்டியிருப்பதைப் படிக்காமல் ஏறுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன், இருபது பக்கத்தில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

நாலு மாடி ஏறி வந்தோம். அப்பா கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் நன்றாக வீங்கியிருந்தது.

“டாக்டரம்மா, ரெண்டு நாளா உயிர் போகுது. உன் லீவு எப்பதான் முடியுது?”

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து டார்ச் அடித்தாள். அவர் மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தார். அவள் விரல்கள் ஈறை நிதானமாகத் தொட்டுப் பார்த்தன. எனக்குத்தான் பார்க்கத் தாங்கவில்லை.

“இத உடனே எடுக்கணும், மாமா. எனக்கு எடுக்கத் தெரியாது. வேற டாக்டர்கிட்ட போயிடலாம்.”

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நாலாவது வருஷம்” என்று அவள் சொல்லாததிலேயே, படிப்பு நின்றுபோனது அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு வாசல் கதவைப் பார்த்தார்.

“நாலு மாடி இறங்கணுமேம்மா,” என்றார்.