முதல் பக்கம் மட்டும்

எங்கள் டாக்டருக்குச் 'சுருக்கம்' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் நர்சுகள். மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளில் காசு கேட்காமல் இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் முதல் பக்கத்துச் சுருக்கம்தான். அதை அச்செடுத்து, ரத்தப் பரிசோதனை அறைக்கு வெளியே உள்ள பலகையில் ஒட்டுவார். உள்ளே என்ன இருக்கும் என்று அவரே ஊகித்து, கீழே பென்சிலால் எழுதுவார். "கல்யாணப் பத்திரிகையைப் பாத்தே சாப்பாட்டுக்கு உப்பு பத்தலைன்னு சொல்லிடுவார்" என்று நானும் கிண்டலடிப்பேன். நான் அந்த அறையில் ரத்தம் எடுப்பவள்.

மழைக்காலத்தில் காமாலையோடு வரும் காய்ச்சல் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. இந்த முறை என் தம்பிக்கு வந்தது.

அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஓடுகிற என்ஜினில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பான். "வால்வு அழுவுது" என்பான். பிரித்துப் பார்த்தால் வால்வுதான். அவனுடைய காதை நம்பித்தான் டிப்போவே ஓடியது. அந்தப் பெருமை அவனைவிட எனக்குத்தான் அதிகம்.

இப்போது கண்ணெல்லாம் மஞ்சளாகக் கட்டிலில் கிடந்தான். சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. அந்த நிலையிலும் தலைக்குமேல் கத்தும் ஃபேனைக் காட்டி, "பேரிங் போச்சுக்கா, மாத்தச் சொல்லு" என்றான். போன மழையில் இதே வார்டுக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை.

டாக்டர் பலகையிலிருந்து ஒரு தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தார். இதே காய்ச்சல் பற்றிய ஆராய்ச்சி. ஓர் ஊசியைச் சீக்கிரமே போட்டால் சாவு பாதியாகக் குறைகிறது என்றும், அளவு இவ்வளவு என்றும் சுருக்கம் சொன்னது. வேறொரு நோய்க்காக வாங்கிய அந்த மருந்து எங்கள் அலமாரியிலேயே இருந்தது. மருந்தோடு வந்த சீட்டில் இந்தக் காய்ச்சலைப் பற்றியும் சிறுநீர் குறைந்தவர்களைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.

"சிறுநீர் குறைஞ்சவங்களுக்கு எவ்வளவுன்னு உள்ளே கண்டிப்பா எழுதியிருப்பாங்க" என்றார்.

"திறந்து பாருங்களேன், டாக்டர்."

"காசு கட்டுன்னு நிக்குது. என் பேங்க் அட்டையைப் போட்டாலும் ஏத்துக்கல. எழுதினவருக்கே மெயில் போட்டேன். லீவுல இருக்கார்னு மிஷின் பதில் சொல்லுது."

தாளை வாங்கிப் பார்த்தேன். மருந்தைச் சோதித்தது வேறு நாட்டில். ஆனால் கிருமியை அடையாளம் கண்டது எங்கள் நோயாளிகளின் ரத்தத்தில். அந்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி அனுப்பியவள் நான்.

"நம்ம ரத்தம் அங்க போக வழி இருந்துச்சு. அவங்க எழுதினது இங்க வர வழியில்லையா?" என்று கத்தினேன். அவரிடம் கத்தி என்ன பயன், பாவம்.

"குறைச்சுப் போடலாமா?" என்று கேட்டேன்.

"எவ்வளவு குறைக்கிறது? குறைச்சு, அது கேக்கலைன்னா, மறுபடி போட அவன் தாங்கமாட்டான்மா."

"அப்ப முழுசாவே போடுங்க" என்றேன்.

தம்பி பிழைத்தான். காய்ச்சல் இறங்கியது, கண்ணில் மஞ்சள் போனது. நர்சுகள் டாக்டரைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். நான் பாத்ரூமில் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான். மறுநாள் காலை கஞ்சியோடு போனபோது அவன் ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"பேரிங் மாத்திட்டாங்களாக்கா? சத்தமே இல்லையே" என்றான்.

ஃபேன் எப்போதும்போலக் கத்திக்கொண்டிருந்தது.

அவன் வீடு திரும்பிய பிறகுதான், எழுதியவரிடமிருந்து முழுக் கட்டுரை மெயிலில் வந்தது. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டுமாம், எங்கள் ஆர்வம் மகிழ்ச்சி அளிக்கிறதாம், தயவுசெய்து பிறரோடு பகிர வேண்டாமாம். உள்பக்கத்தில் அந்த வரி இருந்தது. சிறுநீர் குறைந்தவர்களுக்குப் பாதி அளவே போதும், பலன் அதேதான். முழு அளவு போட்டால் காது நிரந்தரமாகப் போகக்கூடும்.

"பாதி" என்றார் டாக்டர். நான் திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

பகிர வேண்டாமாம்! எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்துப் பலகை முழுக்க ஒட்டினேன். அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில், யார் படித்தாலும் புரியும்படி பென்சிலால் தமிழில் எழுதி வைத்தேன்.

மறுபரிசோதனைக்குத் தம்பி வந்தான். டிப்போவில் இப்போது அவனுக்கு டயர் கழற்றுகிற வேலை. பலகை முன்னால் நின்று, என் பென்சில் எழுத்தின்மேல் விரல் வைத்து மெதுவாகப் படித்தான். தன் குரல் தனக்கே கேட்காததால் வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"அக்கா, எனக்கு ஊசி போடும்போதே இது எழுதி இருந்துச்சா?"

"இருந்துச்சுடா, உள்பக்கத்துல" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி மட்டும் என் உதட்டையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தான். இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.